அம்மாவின் காலுக்குள் ஒரு புடவை

எங்கள் அம்மா மல்லாட்டைக் கொல்லைக்குள், அதாவது வேர்க்கடலைக் காட்டுக்குள், இறங்கினால் கூட்டேரிப்பட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்குக் கூடத் தெரிந்துவிடும். "நாந்தான் வர்றேன்... சின்னபொண்ணு வர்றேன்..." என்று அப்படி ஒரு கூவல். பட்டப்பகலில், ஈ காக்கை இல்லாத கொல்லையில், தன் பெயரைத் தானே ஏலம் போட்டுக்கொண்டு போவாள். தெருப் பிள்ளைகள் அவளைப் போலவே கூவிக் காட்டி என்னைக் கேலி செய்யும். எனக்கு மானம் போகும். ஒருநாள் பொறுக்க முடியாமல், "எதுக்கும்மா இந்தக் கத்து கத்தற? உன்னத் திருடின்னு யாரு புடிக்கப் போறாங்க?" என்று சண்டைக்கே போய்விட்டேன். அம்மா புடவையை வழித்து இடது தொடையைக் காட்டி, "தொட்டுப் பாரு" என்றாள்.

தோலுக்கு அடியில் மிளகு மிளகாக ஏதோ நெருடியது. அழுத்தினால் நழுவிப் போயிற்று. பக்கத்திலேயே என் உள்ளங்கை புதையும் அளவுக்கு ஒரு பள்ளம். அந்த இடத்தில் சதையே இல்லை.

"உங்க அப்பன் எனக்குப் போட்ட நகைடி இது. அடகு வெக்கவும் முடியாது, கழட்டவும் முடியாது" என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அம்மா பிறந்தது கண்டாச்சிபுரத்துப் பக்கம். வாக்கப்பட்டு வந்தது கூட்டேரிப்பட்டுக்குக் கிழக்கே, வானம் பார்த்த பூமிக்கு. என் அப்பா அப்பாதுரைக்குச் சொந்தத்தில் கொஞ்சம் கொல்லை இருந்தது. மல்லாட்டையும் ஊடே துவரையும் போடுவார்கள். களை எடுப்பதில் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஊரே சொல்லும். குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் வரப்பு வரும்வரை எழுந்திருக்க மாட்டாளாம். பேச்சும் அப்படித்தான், நிற்காது. ஆனால் நிஜமாகவே கோபம் வந்துவிட்டால் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். அவள் கத்தினால் வீட்டில் யாரும் பயப்பட மாட்டோம். வாயை மூடினால்தான் அடுப்படிப் பக்கம் போகவே நடுங்குவோம்.

கல்யாணமாகி வருஷங்கள் போயும் அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. பிறந்த வீட்டில் கொடுத்த இலந்தைப்பழக் கலர் புடவை ஒன்று துவைத்துத் துவைத்துப் பூவாக நைந்திருந்தது. அதைக் கட்டுவதை நிறுத்திவிட்டு, மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை. பழம்புடவையில்தான் தூளி கட்டுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

இங்கே அப்பாவின் துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெட்ராஸில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்களே, அதற்கு மறு வருஷம். மயிலம் பக்கத்துக் கரட்டுக் குன்றிலிருந்து காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்கி, காய் பிடித்த மல்லாட்டையை உழுதுவிட்டுப் போயின. அப்பா எங்கிருந்தோ ஒரு நாட்டுத் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். லைசென்ஸ் கிடையாது. குழாயின் வாய் வழியாகத்தான் அதைக் கெட்டிக்க வேண்டும். அடியில் கரிமருந்து போட்டு, தேங்காய் நாரைச் சுருட்டி மேலே இடித்து அடைப்பார்கள். அப்புறம் ஈய ரவை. ரவை கொட்டிவிடாமல் இருக்க அதன்மேல் இன்னொரு அடைப்பு. அந்த மேல் அடைப்புக்கும் நாரே போதும் என்று ஊர் சொல்லும். அப்பாவுக்கு அது போதவில்லை. நைந்த பருத்தித் துணிதான் ரவையை இறுக்கிப் பிடிக்கும் என்பது அவருடைய கட்சி.

நைந்த பருத்தித் துணி வீட்டில் எங்கே இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியைத் திறந்து, புடவையை ஓரமாகக் கிழித்து, மீதியை மடித்துக்கூட வைக்காமல் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அம்மா கிழிசலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"இத்த ஏன்யா கிழிச்ச?"

"எடுத்தா இன்னா இப்ப? தூளி கட்டவா போற?" என்றார் அப்பா.

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாராம். பிரயோஜனம் இல்லை. அம்மா வாயை மூடிவிட்டாள்.

அதற்குப் பிறகு அப்பாவுக்குச் சோறு உண்டு, பேச்சு கிடையாது. கொல்லைக் காவலுக்குக் கேப்பைக் களியைச் சித்தப்பா சீனுவாசன்தான் கொண்டுபோவார். அவர் அப்பாவின் தம்பி. ஒருநாள் அவர் சீமெண்ணெய் வாங்கத் திண்டிவனம் போய், வரிசையில் மாட்டிக்கொண்டார். யுத்தகாலம், எண்ணெய்க்கு அவ்வளவு தட்டுப்பாடு. பொழுது சாயும்வரை பார்த்துவிட்டு, லாந்தருக்கும் எண்ணெய் இல்லாமல், அம்மாவே களிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வரப்பு ஓரம் வைத்துவிட்டுத் திரும்பிவிடலாம், அந்த ஆள் முகத்தில் முழிக்க வேண்டாம் என்பது அவள் எண்ணம்.

கொல்லைக் காவலுக்கு எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. பொழுது சாய்ந்தபின் உள்ளே வருகிறவர் தன் பெயரைச் சொல்லிக் குரல் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். காவல் இருப்பவர் பதில் குரல் கொடுப்பார். குரல் இல்லாமல் துவரைச் செடி அசைந்தால் அது பன்றி. இது அம்மாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் குரல் கொடுத்தால் அது அப்பாவிடம் பேசியதாகிவிடுமே! வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு. வாயே திறக்காமல் துவரைச் சாலுக்குள் நுழைந்து, சட்டியை வைக்கக் குனிந்தாள்.

வெடித்தது. விழுந்த பன்றி "அம்மா" என்று அலறியது.

அப்பா துப்பாக்கியை எறிந்துவிட்டு ஓடிவந்து அவளை வாரித் தூக்கினார். ரத்தம் அவர் வேட்டியெல்லாம் நனைத்தது. அந்த நிலைமையிலும் அம்மா அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சித்தப்பா வந்து சேர்ந்ததும் அவரைப் பார்த்துத்தான், "சீனுவாசா, தண்ணி" என்றாள்.

ஊர் கூடிவிட்டது. ஒருவர் மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்து அப்பினார். ஈயம் ரத்தத்தில் ஏறினால் ஆள் காலி, இப்போதே தோண்டி எடுக்க வேண்டும் என்று இன்னொருவர் பேனாக்கத்தியைத் தீட்டத் தொடங்கினார். சித்தப்பா அவரை விரட்டிவிட்டு வண்டி கட்டினார். அந்த ஒரு காரியத்துக்காகவே சித்தப்பாவுக்குக் கோயில் கட்டலாம். கூட்டேரிப்பட்டு கூட்டுரோடு வந்ததும் அவர் வண்டியை நிறுத்தினார்.

"அண்ணா, நீ ஆஸ்பத்திரிக்கு வராத. போலீசு வரும், லைசென்சு கேப்பான். நீ உள்ள போயிட்டா அண்ணியையும் கொல்லையையும் யாரு பாக்கறது? ஜல்தியா புதுச்சேரிக்குப் போயிடு. நான் பாத்துக்கறேன்."

புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரன் ராஜ்யம். நம் பக்கத்துப் போலீஸ் எல்லைக்கல்லைத் தாண்டாது. அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் அழுதுகொண்டே கிழக்கே நடந்தார். துப்பாக்கி ஏதோ ஒரு பாழுங்கிணற்றுக்குள் போனது. இன்றுவரை யாருக்கும் அகப்படவில்லை.

திண்டிவனத்தில் ஆஸ்பத்திரி டாக்டர் கோதண்டபாணி. முதல் உலக யுத்தத்தில் பட்டாளத்து டாக்டராக இராக்கிலுள்ள பஸ்ரா வரைக்கும் போய்வந்தவர். பீரங்கிச் சத்தத்தில் ஒரு காது மந்தமாகிவிட்டது. அதனால் எதிரில் நிற்கிறவரோடு பேசினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். வந்தவுடன் சுண்ணாம்பையும் மஞ்சளையும் கழுவச் சொல்லித் திட்டினார். ரணஜன்னி என்கிற டெட்டனஸ் வராமலிருக்க ஊசி போட்டார். மயக்கத்துக்குக் குளோரோபாரம் கொடுத்து, கன்றிப்போன சதையையெல்லாம் வெட்டி எறிந்தார். நார்ச் சுருள் வந்தது. சில ரவைகள் வந்தன. அன்றைக்கு அம்மா கட்டியிருந்தது பச்சைப் புடவை. அதில் விழுந்திருந்த ஓட்டையை மேஜைமேல் விரித்து, காயத்திலிருந்து எடுத்த பச்சைத் துணுக்குகளை அதன்மேல் ஒவ்வொன்றாக அடுக்கினார். ஓட்டை நிறைந்த பிறகுதான் கையைக் கழுவினார். சல்பா என்று ஒரு வெள்ளைப் பொடி அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. பாதிக்கு மேல் பட்டாளத்துக்கே போய்விடும். மிச்சமிருந்ததை அம்மாவின் காயத்தில் தூவினார்.

அத்தோடு விட்டுவிட்டார். தைக்கவில்லை. சித்தப்பா டாக்டரை வழிமறித்தார்.

"இன்னா டாக்டரய்யா, ரவை இன்னும் உள்ள இருக்குதுன்றாங்க, புண்ணு வாயும் தொறந்தாப்லயே கீது?"

"ரவை இருந்துட்டுப் போகட்டும்யா!" என்று டாக்டர் கத்தினார். "ஈயம் சும்மா கிடக்கும். உடம்பு அதைச் சுத்தி உறை போட்டுக்கும். மேல தையல் போட்டு மூடினேன்னா உள்ளயே அழுகிடும். பஸ்ராவுல அப்படித் தைச்சுத் தைச்சு எத்தனை பேரைப் பொதைச்சோம் தெரியுமா?"

சித்தப்பாவுக்கு இது எதுவும் விளங்கவில்லை. வார்டில் இருந்த மற்றவர்களுக்கும் விளங்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, "ரவை எடுத்தாச்சா?" என்றுதான். இல்லை என்றதும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்கள்.

அம்மாவைக் கவனித்துக்கொண்டவர் லூர்துமேரி என்ற நர்சம்மா. விறைப்பான ஆள். சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார் போலிருக்கும். ஆனால் காயம் கட்டும்போது கை இருப்பதே தெரியாது என்பாள் அம்மா. சேரியில் பிறந்த கிறிஸ்தவர் என்று தெரிந்ததும், அவர் கையால் அண்ணிக்குத் தண்ணீர் கொடுக்கலாமா என்று சித்தப்பா தயங்கினார். கோயில் கட்டலாம் என்று சொன்ன அதே சித்தப்பாதான். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. அம்மா தயங்கவில்லை. டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் குடு நர்சம்மா" என்றாள்.

போலீஸ் ஏட்டு வந்தார். யார் சுட்டது என்று கேட்டார்.

"யாரோ பன்னி வேட்டைக்காரங்க. இருட்டுல மூஞ்சி தெரியல" என்றாள் அம்மா. உன் புருஷன் எங்கே என்றதற்கு, "வெளியூருப் பக்கம் வேலைக்குப் போயிக்கிறாரு" என்றாள். பேச்சை நிறுத்திவிட்ட புருஷனுக்காக இத்தனை பொய். ஏட்டு எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சில நாள் நன்றாகத்தான் இருந்தது. பிறகு காய்ச்சல் ஏறியது. தொடை வீங்கி மினுமினுத்தது. கட்டுப் பிரிக்கும்போது வந்த வாடையில் அடுத்த கட்டில்காரி மூக்கைப் பொத்தினாள். டாக்டர் தினமும் வந்து பார்த்தார், தினமும் அவர் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அந்த மனிதர் மெதுவாகப் பேசியதுதான் அம்மாவுக்குப் பயமாக இருந்தது. ஒருநாள் காலை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார்.

"ஏம்மா, இது மேல ஏறினா உசுருக்கு ஆபத்து. நாளைக்குள்ள எறங்கலேன்னா காலை எடுத்துட வேண்டியதுதான்."

கால் இல்லாமல் எப்படிக் குத்துக்காலிடுவது, எப்படிக் களை எடுப்பது? ஏற்கெனவே பிள்ளை இல்லாதவள் என்று பேர், இனிமேல் காலும் இல்லாதவள். கண்டாச்சிபுரத்து வீட்டில் மூலையில் உட்கார்ந்து தம்பி பெண்டாட்டி போடும் சோற்றைத் தின்ன வேண்டியதுதான். அவள் அழுதாள். சுட்ட அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை.

டாக்டர் போகவில்லை. தனக்குத்தானே பேசுவதைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தார். "உள்ள என்னமோ இருக்கு. ஈயம் இப்படிப் பண்ணாது. துணிதான் பண்ணும். அழுக்கும் மண்ணுமா உள்ள போயி, காத்துப் படாத எடத்துல உக்காந்துக்கினு கிருமியை வளர்க்கும். ஆனா உன் புடவைத் துணுக்கு எல்லாம் வந்துடுச்சு. நாரும் வந்துடுச்சு. வேற என்ன இருக்கும்?"

அம்மா அழுகையை நிறுத்தினாள். ஊரே ஈயம் ஈயம் என்று அலறிக்கொண்டிருந்ததில், துணியைப் பற்றி யாரும் நினைக்கவேயில்லை. அவளும்தான் நினைக்கவில்லை. இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால் துப்பாக்கி யாருடையது என்பதும் வெளியே வந்துவிடும். டாக்டர் ஏட்டிடம் சொல்வார். அப்பா ஜெயிலுக்குப் போவார். சொல்லாவிட்டால் கால் போய்விடும்.

"எந்தத் துணின்னாலும் அழுவுமா டாக்டரய்யா?"

"எந்தத் துணின்னாலும்."

அம்மா மேலே கூரையைப் பார்த்தாள். பக்கத்தில் மருந்துத் தட்டோடு நின்ற லூர்துமேரியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"சுட்டவன் யாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. ஆனா அவன் துப்பாக்கியில அடைச்சிருந்தது என் புடவைங்க."

லூர்துமேரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தட்டில் இருந்த கத்தரிக்கோல்கள் மட்டும் கிடுகிடுவென்று ஆடின. டாக்டர் அம்மாவையே பார்த்தார். அவர் மீசை துடித்தது.

"யாருன்னே தெரியாதவன், உன் வீட்டுக்குள்ள பூந்து, உன் புடவையக் கிழிச்சு அடைச்சுக்கினு வந்து, உன்னையே சுட்டானா?"

அம்மா தலையை ஆட்டினாள். வேறு என்ன செய்வாள்?

"எனக்கு இந்தக் காது சரியாக் கேக்கறதில்ல" என்றார் டாக்டர், பழைய சத்தத்தில். "லூர்துமேரி, உனக்கு ஏதாச்சும் கேட்டுதா?"

"எதுவும் கேக்கலீங்க டாக்டர்."

"புடவை மட்டும் என் காதுல விழுந்துது. என்ன கலரு?"

"எலந்தப்பழக் கலருங்க."

டாக்டர் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அதான்! பச்சை கண்ணுக்குத் தெரிஞ்சுது. இது ரத்தத்துல ஊறி, சதையோட சதையாக் கெடந்திருக்கு. நான் கண்ணால தேடினேன், வெரலால தேடியிருக்கணும்."

அன்றைக்கே மறுபடியும் குளோரோபாரம் கொடுத்தார்கள். சித்தப்பா வாசலில் நின்று தெரிந்த சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டார். லூர்துமேரி உள்ளே தன் சாமிக்கு வேண்டிக்கொண்டிருப்பார். எலும்புக்குப் பக்கத்தில், சதை மடிப்புக்குப் பின்னால், டாக்டரின் விரலில் அது தட்டுப்பட்டது. இழுத்து வெளியே போட்டார். சீழும் ரத்தமுமாக ஒரு சுருள். லூர்துமேரி அதைப் பாத்திரத்தில் அலச அலச, இலந்தைப்பழக் கலர் தெரிந்தது.

இந்த முறையும் தைக்கவில்லை. இந்த முறை சித்தப்பாவும் கேள்வி கேட்கவில்லை.

மறுநாள் காய்ச்சல் விட்டது. அம்மா கண்விழித்ததும் முதலில் கையைக் கீழே நீட்டித் தன் காலைத் தொட்டுப் பார்த்தாள். முட்டி இருந்தது. குனிய முடியவில்லை, ஆனாலும் விரலை அசைத்துப் பார்த்தாள், அசைந்தது. அப்புறம், பசிக்கிறது என்றாள். லூர்துமேரி கஞ்சி கொண்டுவந்தார். அந்த அம்மாள் அன்றைக்குச் சிரித்ததை வார்டே பார்த்ததாம். சித்தப்பா எழுந்துபோய் டம்ளரைத் தானே லூர்துமேரியின் கையிலிருந்து வாங்கி அம்மாவுக்குக் கொடுத்தார். கொஞ்சம் லேட்டுதான், ஆனாலும் பரவாயில்லை.

கஞ்சி குடித்து முடித்ததும் அம்மா அந்தத் துணியைக் கேட்டாள். கழுவிக் காயவைத்ததைக் காட்டினார்கள். புரட்டிப் பார்த்தாள். கண்ணில் கோபம் வந்துவிட்டது.

"பாவி மனுசன், பாத்துப் பாத்து சரிகை ஓரமாக் கிழிச்சிக்கிறான் பாரேன்!"

"யாரும்மா?" என்றார் லூர்துமேரி.

"யாரோ. மூஞ்சி தெரியல" என்றாள் அம்மா.

மீதிப் புடவை பெட்டியில் அப்படியே இருந்தது. இரண்டு வருஷம் கழித்து நான் பிறந்தபோது அதில்தான் தூளி கட்டினார்கள். ஒரு பக்கம் ஓரம் இல்லாததால் தூளி கொஞ்சம் சாய்ந்தே ஆடியதாம்.

அப்பாவைக் கூட்டிவரச் சித்தப்பா கிளம்பினார். யுத்தகாலத்தில் கரிப்புகையில் ஓடிய பஸ் அன்றைக்குப் பழுதாகிப் போனதால், ரயிலில் விழுப்புரம் போய், அங்கே புதுச்சேரி வண்டிக்கு மாறுவதாக ஏற்பாடு. விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கியவர், பிளாட்பாரத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு நடுவே அண்ணன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அசந்துவிட்டார். தாடி வளர்ந்து ஆளே அடையாளம் தெரியவில்லை. புதுச்சேரியில் இருப்புக் கொள்ளாமல் விழுப்புரம் வரை வருவாராம். திண்டிவனம் பக்கத்திலிருந்து இறங்குகிறவர்களிடம், ஆஸ்பத்திரியில் குண்டு பட்ட பொம்பிளை ஒருத்தி எப்படி இருக்கிறாள் என்று யாரோ எவரோ போல விசாரிப்பாராம். திண்டிவனம் வண்டியில் ஏறப் பயந்து மறுபடியும் புதுச்சேரி வண்டியில் ஏறிவிடுவாராம்.

தம்பியைப் பார்த்ததும் அப்பா கேட்டது ஒன்றுதான்.

"காலு... கீதா?"

"காலும் கீது, ஆளும் கீது. போலீசு பேஜாரும் இல்ல. வா போலாம்" என்றார் சித்தப்பா.

அப்பா பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அழுதார். சித்தப்பா அவரை அப்படியே அழவிட்டு, டிக்கெட் வாங்கப் போனார்.

அவர்கள் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது வார்டில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா உள்ளே போய்விட்டார். அப்பாவால் வாசலைத் தாண்ட முடியவில்லை. படுதாவுக்குப் பின்னால் நின்றுவிட்டார். நிழல் மட்டும் தெரிந்தது. யார் என்று கேட்க லூர்துமேரி எழுந்தார். அம்மா கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னாள். புடவை கிழிந்த நாளிலிருந்து அப்பாவிடம் பேசாதவள், படுதாவைப் பார்த்து வாய் திறந்தாள்.

"யாரு அது? பொழுது சாஞ்சா கொரல் குடுத்துக்கினு வரத் தெரியாது? பன்னின்னு நெனச்சிக்கினு யாராச்சும் சுட்டுட்டா இன்னா பண்றது?"

படுதா அசைந்தது. அப்புறம் வெளியிலிருந்து, அழுகையில் பாதி முழுங்கிய குரல் வந்தது.

"நாந்தான்... அப்பாதுரை வர்றேன்."